எல்லாம் மாறிய வீட்டில் அவள் மட்டும் ஏன் அங்கேயே நிற்கிறாள்?

தமிழில் அறிவியல் புனைவுப் படங்கள் எழுதுகிற, இயக்குகிற எல்லோருக்கும்,

வணக்கம். நான் சினிமாத் துறையில் இருப்பவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். கடந்த இரண்டு வருடமாக, எதிர்காலத்தைக் கற்பனை செய்து எடுத்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கும்போது மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆரம்பத்தில் பக்கத்தை இரண்டாக மடித்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதிவந்தேன். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி, இடது பக்கம். பறக்கும் கார், வலது பக்கம். சோற்றுக்குப் பதில் மாத்திரை, அதுவும் வலது பக்கம். 1989-இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' இரண்டாம் பாகம் 2015 அக்டோபர் 21-க்குப் போகிறது. அங்கே கதாநாயகனுக்கு வேலை போன செய்தி, வீட்டிலுள்ள ஃபேக்ஸ் இயந்திரங்களிலிருந்து தாளாக வந்து விழுகிறது. 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' 2019 நவம்பரில் நடக்கிறது. போலீஸ் வண்டி பறக்கிற அந்த ஊரில், ஹாரிசன் ஃபோர்டு ஒரு பெண்ணிடம் பேசுவதற்குச் சுவரில் மாட்டிய கட்டணத் தொலைபேசியிடம் போகிறார். சட்டைப்பையில் கிடக்கும் ஃபோன் அந்த இரண்டு படங்களுக்கும் தோன்றவில்லை. இப்படிக் கணக்கு வைப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்தக் கணக்கை மாற்றியது என் அம்மா. எண்பத்திரண்டு வயது. ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து 'டிசைன் ஃபார் டிரீமிங்' என்ற சின்னப் படத்தைப் போட்டேன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன்னுடைய கார் கண்காட்சிக்காக 1956-இல் எடுத்தது. கனவில் ஒரு பெண் அந்தக் கண்காட்சிக்குப் போகிறாள், கார்களைச் சுற்றி ஆடுகிறாள். நடுவில் அவளைக் கொண்டுபோய் 'நாளைய சமையலறை'யில் நிறுத்துகிறார்கள். இடுப்பில் ஏப்ரன். சமையல் குறிப்பு அட்டையை ஒரு இயந்திரத்தில் செருகினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கேக் தயாராகும் நேரத்தில் அவள் டென்னிஸ் ஆடப் போகலாம், கோல்ஃப் ஆடப் போகலாம். திரும்பி வரும்போது மெழுகுவர்த்தியோடு கேக் தயார்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே முழுதும் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: "ஏட்டி, எல்லாத்தையும் மாத்திட்டான். அவள மட்டும் ஏன் அங்கனயே நிறுத்தி வச்சிருக்கான்?"

நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து நோட்டில் எழுதுவது வேறு. யார் யாருக்குச் சாப்பாடு வைக்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள், யார் கூப்பிட்டால் யார் வந்து நிற்கிறார்கள். இதை வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த படங்கள்கூடப் புதிதாகத் தெரிந்தன.

என் மனதை மிகவும் உலுக்கியது '1999 ஏ.டி.' என்ற படம். ஃபில்கோ ஃபோர்டு நிறுவனம் 1967-இல் எடுத்தது. அப்பா, அம்மா, ஒரு பையன் என்று மூன்று பேர் இருக்கும் வீடு. வீட்டுக்குள் கணினி. பையன் திரையைப் பார்த்துப் பாடம் படிக்கிறான். வீட்டிலிருந்தே உடனுக்குடன் கடிதம் அனுப்ப ஒரு கருவி இருக்கிறது. மனைவி திரை முன்னால் உட்கார்ந்து கடையில் இருக்கும் துணியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள். அமெரிக்காவில் இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் 1969-இல்தான் முதல் செய்தியை அனுப்பியது. அதற்கும் இரண்டு வருடம் முன்னால் எடுத்த படம் இது. இன்று நாம் பொருள் வாங்குவதை அவ்வளவு சரியாகக் கண்டிருக்கிறார்கள்.

அப்புறம் காட்சி கணவனிடம் போகிறது. அவனுக்குத் தனி மேஜை, தனித் திரை. மனைவி தேர்ந்தெடுத்ததற்கான பில் அந்தத் திரையில் வருகிறது, பணம் கட்டுவது அவன். இதைப் பின்னணிக் குரல் இயல்பான ஒரு விஷயமாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

அந்தக் காலத்து அமெரிக்காவில் கணவன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கடன் அட்டை தர மறுக்கலாம். 1974-இல்தான் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. படம் காட்டிய 1999-க்கு இருபத்தைந்து வருடம் முன்னாலேயே அந்த ஏற்பாடு சட்டப்படி முடிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு அப்பால் இருந்த கணினியைக் கண்டவர்களுக்கு, ஏழு வருடத்தில் வரவிருந்த சட்டம் கண்ணில் படவில்லை. மனைவியின் கையில் அவளுடைய பணம் இருக்கும் என்பதைவிட வீட்டுக்குள் கணினி இருக்கும் என்பது அவர்களுக்குச் சுலபமாகத் தோன்றியிருக்கிறது. இந்த ஒரு இடத்துக்காகவே நீங்கள் எல்லோரும் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1930-இல் வந்த 'ஜஸ்ட் இமாஜின்' 1980-ஐக் காட்டுகிறது. வானம் முழுக்கச் சொந்த விமானங்கள். மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். கதாநாயகன் ஜே-21, கதாநாயகி எல்.என்.-18. இரண்டு பேரும் காதலிக்கிறார்கள். ஆனால் அவளைக் கேட்டு வந்த இன்னொருவன் அந்தஸ்தில் உயர்ந்தவன் என்று சொல்லி, அரசாங்கத் தீர்ப்பாயம் அவளை அவனுக்கு ஒதுக்கிவிடுகிறது. கதாநாயகன் தன் தகுதியை நிரூபிக்கச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறான். அவள் காத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று விசாரிக்கிற கூடத்தில் வளர்ந்த எனக்கு, அந்த 1980 நன்றாகத் தெரிந்த இடமாகத்தான் இருந்தது.

எல்லாப் படங்களும் இப்படி இல்லை. சிலர் மனிதர்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் இயந்திரம் பழசாகிப் போனாலும் காட்சி பழசாகவில்லை.

சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' 1936-இல் வந்தது. அதை யாரும் எதிர்காலப் படம் என்று சொல்வதில்லை. ஆனால் அதில் முதலாளியின் முகம் தொழிற்சாலைக் கழிப்பறைச் சுவரில் பெரிய திரையாக வருகிறது. ஒரு சிகரெட் பிடிக்க ஒதுங்கிய தொழிலாளியைத் திரும்ப வேலைக்கு விரட்டுகிறது. தொழிலாளி சாப்பிடும் நேரத்தை மிச்சம் பிடிக்க, வாயில் ஊட்டிவிடும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து சாப்ளின் மீது சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்கு ஒன்பது வருடம் முன்னால் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' படத்திலும் சுவரில் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி உண்டு. அதில் பேசுவதும் நகரத்தை ஆளும் முதலாளிதான், கேட்பது கீழே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரிதான். அந்தத் திரை மேலேயிருந்து உத்தரவு இறங்கும் பாதை. இரவு பத்து மணிக்கு அலுவலக வாட்ஸாப் குழுவில் செய்தி வந்ததும் என் மகள் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போகிறாள். சாப்ளினின் கழிப்பறைச் சுவர் எனக்கு அப்போது ஞாபகம் வருகிறது.

இன்னொரு திரை, '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் வருவது. 1968-இல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்தார். விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஒரு விஞ்ஞானி, பூமியிலுள்ள தன் வீட்டுக்குப் படத்தோடு பேசுகிறார். மனைவி கடைக்குப் போயிருக்கிறாள். சின்ன மகள்தான் எடுக்கிறாள். நாளைக்கு அவளுக்குப் பிறந்தநாள், அப்பா வர முடியாது. என்ன வேண்டும் என்று கேட்கிறார். தொலைபேசி வேண்டும் என்கிறாள். அதுதான் வீட்டில் நிறைய இருக்கிறதே என்கிறார். அப்புறம் ஒரு காட்டுக் குட்டி விலங்கைக் கேட்கிறாள். பேசி முடித்ததும் திரையில் கட்டணம் வருகிறது: ஒரு டாலர் எழுபது சென்ட். அந்தக் குழந்தையாக நடித்தது கூப்ரிக்கின் சொந்த மகள்.

என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளில் எங்கள் தெருமுனையில் ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கதவை அடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சில் பாதி கவனம் அந்த எண்ணில்தான். மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அவரால் வர முடியவில்லை. அவள் அப்பாவிடம் ஒரு ஆட்டுக்குட்டி கேட்டாள். இந்தப் படத்தை நான் அறுபது வயதில்தான் பார்த்தேன். அந்த ஒன்று எழுபது திரையில் வந்தபோது படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூப்ரிக்குக்கு முன்னாலேயே அந்தக் கருவி நிஜத்தில் இருந்தது. ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படத் தொலைபேசியைக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதம் 160 டாலர். யாரும் பெரிதாக வாங்கவில்லை. கருவியை எல்லோராலும் யோசிக்க முடிந்திருக்கிறது. வேலைக்காகத் தூரத்தில் இருக்கும் அப்பா, வீட்டில் இல்லாத அம்மா, தனியாக ஃபோனை எடுக்கும் குழந்தை என்று அந்த மூன்று பேரையும் யோசித்தது கூப்ரிக்கின் படம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் எனக்கு முதல் இடம் 'சாய்லன்ட் கிரீன்'. 1973-இல் ரிச்சர்டு ஃபிளைஷர் எடுத்தது, நடப்பது 2022-இல். நியூயார்க்கில் நான்கு கோடிப் பேர். எப்போதும் புழுக்கம். மாடிப்படிகளில் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள், அவர்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மின்சாரம் போனால் ஒரு கிழவர் சைக்கிள் மிதித்து விளக்கை எரிய வைக்கிறார். ஒரு பாட்டில் ஸ்ட்ராபெரி ஜாம் 150 டாலர். அந்தக் கிழவருடன் தங்கியிருக்கும் போலீஸ்காரர், கொலையான பணக்காரர் வீட்டிலிருந்து கொஞ்சம் மாட்டிறைச்சியும் காய்கறியும் ஆப்பிளும் எடுத்து வருகிறார். இறைச்சியைப் பார்த்ததும் கிழவர் அழுதுவிடுகிறார். பிறகு சமைத்து, மேஜை போட்டு, இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதையெல்லாம் சாப்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டே பழைய ஆள் சாப்பிடுகிறார். அந்தக் கிழவராக நடித்த எட்வர்டு ஜி. ராபின்சனுக்கு அதுதான் கடைசிப் படம். அந்தக் காட்சியில் இயந்திரம் எதுவும் இல்லை. பஞ்சம் என்றால் என்ன என்பது அந்த மேஜையில் இருக்கிறது. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற யாருக்கும் அந்த 2022 புரியும்.

அதே படத்தில் பணக்காரர்களின் குடியிருப்பில் ஒரு பெண், வீட்டோடு சேர்த்து வாடகைக்குக் கிடைக்கிறாள். அவளைப் போன்றவர்களை 'ஃபர்னிச்சர்' என்றே கூப்பிடுகிறார்கள். புதிதாகக் குடிவருபவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். அதைப் படம் ஒரு கொடுமையாகத்தான் காட்டுகிறது. இந்த அவலத்தை இயக்குநர் தெரிந்தே காட்டியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1956-இன் கேக் படத்தில் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

நம் வீடுகளில் வந்த மாற்றத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதப்போவது இந்த வீடுகளைத்தான். நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. அதுவரை அம்மா ஆட்டுரலில் ஆட்டினாள். தோள்பட்டை வலிக்கு இரவு தைலம் தேய்த்துவிடுவது என் வேலை. கிரைண்டர் வந்த அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். வலி குறைந்தது, அது பெரிய விஷயம், அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். கிரைண்டர் வந்ததும் இட்லி தினப்படி ஆனது. காலையில் இட்லி, இரவில் தோசை. அதற்குச் சட்னி, சாம்பார். ஆட்டுகிற நேரம் போய் அவிக்கிற நேரம் வந்தது. அம்மா சமையலறையில் நின்ற நேரம் குறைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் இதையே அந்த ஊர் வீடுகளை வைத்து ஆராய்ந்து 1983-இல் எழுதியிருக்கிறார். விறகு வெட்டுவது போல ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைப் புது வசதிகள் எடுத்துக்கொண்டன; பெண்ணின் வேலை அவளிடமே நின்றது என்கிறார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அத எதுக்கு அமெரிக்காவுல போயி கேக்கணும்?" என்றாள்.

தமிழ்ப் படங்களில் எனக்குப் பெருமையான இரண்டு இடங்களும் நோட்டில் இருக்கின்றன. 1963-இல் வந்த 'கலை அரசி'. வேற்றுக்கிரகத்து ஆட்கள் எம்.ஜி.ஆர். படத்துக்குள் வருகிறார்கள். அவர்களிடம் அறிவியல் இருக்கிறது, இசை இல்லை. அதனால் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு முன்னேறிய ஓரிடத்தில் எது குறைகிறது என்று யோசித்து, பாட்டு என்று விடை கண்டிருக்கிறார்கள். விண்கலம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அப்புறம். அப்படி ஒரு கேள்வியோடு கதையைத் தொடங்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள். அடுத்து 1986-இல் வந்த 'விக்ரம்'. சுஜாதா எழுத்தில் பங்கெடுத்த அந்தப் படத்தில் ஏவுகணையின் கணினியை அறிந்த நிபுணராக ஒரு பெண் வருகிறாள். அந்த வருடம் என் வகுப்பில் இருந்த மாணவிகளில் கணினியைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒருத்திகூட இல்லை. அந்தப் பாத்திரத்தின் பெயரை அவர்கள் நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

படம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். 1929-இல் ஃபிரிட்ஸ் லாங் நிலவுக்குப் போகும் ஒரு மௌனப் படம் எடுத்தார். ராக்கெட் அறிவியலின் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த் அதற்கு ஆலோசகர். ராக்கெட் கிளம்பும் காட்சியில் படபடப்பு வேண்டும் என்று, நொடிகளைத் தலைகீழாக எண்ணித் திரையில் எழுத்தாகப் போட்டார்கள். அது சினிமாக்காரர்கள் செய்த ஏற்பாடு. இன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவதை நாம் டி.வி.யில் கேட்கிறோம். ராக்கெட்காரர்கள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், வீட்டிலிருக்கும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். எதிர்கால வீட்டில் குரல் கொடுத்தால் ஓடிவரும் உதவி இயந்திரத்துக்குப் பெண் குரல் வைக்கிறீர்களா, ஆண் குரலா என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் என் வேண்டுகோள் இது. ஸ்டோரி டிஸ்கஷனுக்கு உட்காரும்போது, கிராஃபிக்ஸ் ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த வீட்டின் ஒரு முழு நாளை எழுதிப் பாருங்கள். காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தீர்ந்தால் யாருக்கு முதலில் தெரியும்? ரோபோ பழுதானால் மெக்கானிக் யார், அவர் எந்தத் தெருவில் இருக்கிறார், அவரை உட்காரச் சொல்கிறார்களா? டெலிவரி ட்ரோன் பறக்கட்டும். அது வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பையன் இப்போது என்ன செய்கிறான்? பாட்டிக்கு அந்தத் திரையை இயக்கத் தெரியுமா, அல்லது யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? உங்கள் ஆர்ட் டைரக்டரை ஒருநாள் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்காவோடு நான்கு வீடுகளுக்குப் போய்வரச் சொல்லுங்கள். நாளைய சமையலறையில் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும்.

பறக்கும் கார் தப்பாகப் போனால் பரவாயில்லை, அது எல்லோருக்கும் தப்பியிருக்கிறது. கருவிகளில் நீங்கள் தவறினால் நான் நோட்டில் குறிக்க மாட்டேன்.

2080-இல் மதுரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி. வெளியே என்னவெல்லாமோ பறக்கிறது. உள்ளே ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கோ விக்கல் எடுக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வருவது யார் என்று திரைக்கதையில் தெளிவாக எழுதிவிடுங்கள். படம் முடிந்ததும் என் அம்மா கேட்பாள்.

அன்புடன்,
முதல் வாரமே அம்மாவோடு உங்கள் படத்துக்கு வரப்போகும் ஒரு கணக்கு டீச்சர்
பாளையங்கோட்டை